காகம் வராத வீடு

அத்தியாயம் ஐந்து

"மூண்டாம் முறையா இந்த ஊசி வந்திருக்கு, மிஸ்டர் லயனல். மூண்டாம் முறை!"

அருளம்பலம் சுவரில் தொங்கிய வரைபடத்தை விரலால் குத்திக் காட்டினார். படத்துக்கு நோகவில்லை. அவருக்குத்தான் நொந்தது. விரலை மெல்ல வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டார்.

மருதனார்மடம் சந்தியில், பூட்டிக் கிடந்த ஒரு புடைவைக் கடைக்குள் எங்கள் நலன்புரிச் சங்கம் நடந்துகொண்டிருந்தது. அருளம்பலம் அதன் செயலாளர். சங்கத்தின் சொத்து ஒரு மேசை, சில கதிரைகள், ஒரு தராசு, அப்புறம் அந்த வரைபடம். படத்தை ஆக்கியவர் லயனல் அண்ணை. முந்தி அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விசாரணை அதிகாரி. தானாக எரிந்த கடை எது, முதலாளியே கொளுத்திய கடை எது என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லிவிடுவார். சண்டை முற்றிக் கம்பனி கொழும்புக்கு ஓடிய பிறகு அவர் பசியை விசாரிக்கத் தொடங்கினார். பழைய நில அளவைப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஊரை வீடு வீடாகப் பெருப்பித்து வரைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குண்டூசி குத்தினார். அடுப்பு எரியாத வீட்டுக்குச் சிவப்பு. ஒரு நேரம் எரியும் வீட்டுக்கு மஞ்சள். கவலையில்லாத வீட்டுக்குப் பச்சை. நிவாரண லொறி வந்தால் சிவப்பு ஊசி வீடுகளுக்கு முதலில் அரிசி. எங்கே பசி குவிந்து கிடக்கிறது என்று வாசலில் நின்றே பார்த்துவிடலாம். கொழும்பிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரேயொரு விதி மட்டும் கமிற்றி சேர்த்தது. வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீட்டுக்கு விசாரணை இல்லை, நேரே பச்சை. ஊரில் ஒருவரும் அதை மறுக்கவில்லை. நானும் கையை உயர்த்தினேன்.

நான் முருகேசு. காங்கேசன்துறை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். இப்போது காங்கேசன்துறைக்குப் போகவும் முடியாது, பஸ்ஸுக்கு டீசலும் இல்லை. எனவே லயனல் அண்ணையைப் பின்னால் வைத்துச் சைக்கிள் மிதிக்கிறேன். துப்பறிவதில் என் பங்கு அவ்வளவுதான். மிச்சம் வாய்.

"உது மாடிவீட்டுப் பூரணத்தின்ரை வளவெல்லோ?" என்றேன்.

"ஓம். மகன் கனடாவிலை. பச்சை ஊசி குத்தின வீடு. அதுக்குப் பக்கத்திலை ஆரோ களவாய்ச் சிவப்புக் குத்துகினம். புடுங்கி எறிஞ்சன். அடுத்த வெள்ளி பேந்தும் நிக்குது. நேற்றுப் பின்னேரம் பார்த்தால், இந்தா!" அருளம்பலம் மூச்சு வாங்கினார். "ஆரெண்டு எனக்குத் தெரியும். அந்த வளவுக்குள்ளை கொட்டில் போட்டு இருக்கிறாளே சின்னாச்சி, கீரிமலையாலை இடம்பெயர்ந்து வந்தவள். அந்த வளவிலை இன்னொரு சிவப்பு நிண்டால் ரெண்டு பங்கு தனக்கு எண்டு நினைப்பு. திங்கட்கிழமை லொறி வருது, கமிற்றியும் கூடுது. அவளின்ரை நிவாரண அட்டையை வெட்டப்போறன்."

"அவளுக்குச் சின்னப் பிள்ளையள், ஐயா. அட்டையை வெட்டினால் என்னத்தைத் தின்னுறது?" என்றேன்.

"கள்ளம் செய்யேக்கை அதை யோசிச்சிருக்க வேணும்."

லயனல் அண்ணை படத்துக்குக் கிட்டப் போனார். சுவரோடு கன்னத்தை வைத்து ஊசியைப் பக்கவாட்டில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு கேட்டார்:

"அட்டைக்காரர் எங்கை நிண்டு அரிசி வாங்குகினம்?"

"வெளியிலை. யன்னலோடை. உள்ளுக்கு விட்டால் உழக்கிப்போடுவினம்."

"உள்ளுக்கு ஆர் வாறது?"

"மரியாதையான ஆக்கள்தான். வெள்ளிக்கிழமையிலை கொழும்புத் தபால் பை வரும். வெளிநாட்டுக் கடிதம் விசாரிக்க வருவினம். நீரும் வாறனீர்தானே? கதிரை குடுத்து இருத்துவம்."

"எந்தக் கதிரை?"

"இந்தா, படத்துக்குக் கீழை கிடக்குதே, இதுதான்."

லயனல் அண்ணை ஊசியைப் பிடுங்கி வெறும் நெருப்புப்பெட்டி ஒன்றுக்குள் போட்டு மூடினார். "திங்கள் மட்டும் பொறுங்கோ" என்றார்.

*

புரட்டாதிச் சனிக்கிழமை. வெயில் தாராளமாக இருந்தது. எங்கள் பக்கம் வர அரசாங்கம் தடை போடாத ஒரே பொருள் அதுதான். செம்மண் ஒழுங்கையில் மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அண்ணை தன் சேட்டின் இரண்டாவது தெறியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். நூல் அறுந்து தெறி கையோடு வந்தது.

"என்னண்ணை, கிடக்கிறதே ரெண்டு சேட்டு. அதையும் கழட்டுறியள்?"

"ஒரு வேலை இருக்கு. நீர் றோட்டைப் பாரும்."

அவருடைய சேட்டைப் பார்க்க ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். மனைவியும் மகளும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். வீட்டு அலுவல்களை முடித்துக்கொண்டு அண்ணையும் போவதாக ஏற்பாடு. அலுவல் முடிவதற்குள் பாதை மூடிவிட்டது. உடுவிலில் பெரிய வீடு. அதில் ஒரு அறையை மட்டும் திறந்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கதிரையில் வந்து இருந்து, "எனக்கு ஏதும்..." என்று தொடங்குவார். அருளம்பலம் தலையாட்டியதும் மிச்சத்தைச் சொல்லாமல் எழும்பிப் போவார். எங்கள் படத்தில் அவர் வீட்டுக்கும் பச்சை ஊசிதான்.

மாடிவீட்டு வளவின் மூலையில் கிடுகுக் கொட்டில். சின்னாச்சி மரவள்ளிக்கிழங்கை வெட்டிக்கொண்டு இருந்தாள். செய்தியைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயா, நான் அந்த அறைக்குள்ளை காலே வைச்சதில்லை. யன்னலாலை பையை நீட்டுவன், வாங்குவன், வருவன். எங்களுக்கும் கீரிமலையிலை கல்வீடு இருந்தது. களவெடுத்துத் தின்னுற பழக்கம் இல்லை." கண் கலங்கியது. "அட்டையை வெட்டிப்போட்டால் இதுகளுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

"நீ செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அண்ணை. "வீட்டுக்கார அம்மா எப்பிடி?"

"குறை சொல்லக் கூடாது. காசு ஒண்டும் வாங்காமல் இருக்க விட்டவ. ஒருநாள் கொஞ்சம் கூழ் கொண்டுபோனன். இப்பதான் சாப்பிட்டனான் எண்டு வாசலிலையே திருப்பி அனுப்பிப்போட்டா. பேந்து நான் போறேல்லை. அவவுக்கு என்ன குறை? சனிக்கிழமையிலை காகத்தைக் கூப்பிடுற சத்தம் சந்தி மட்டும் கேக்குமே."

கொட்டிலின் கூரையில் காகங்கள் வரிசையாக இருந்தன. கிழங்குத் தோலுக்குக் காத்திருந்தன போலும்.

பூரணத்தின் வீடு உள்ளே போனால் கோயில் போலக் குளிர்ந்து கிடந்தது. வெள்ளைச் சீலை உடுத்திய மெலிந்த மனுசி. கணவர் இறந்து கனகாலம். கதவைத் திறந்ததும், "கடிதம் ஏதும் வந்ததோ?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு, "வாங்கோ, இருங்கோ" என்றார். இருப்பதற்கு இரண்டு கதிரைதான் இருந்தன. பின்சுவரில் பெரிய அலுமாரி அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. வெள்ளையடிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன். என் மூளை அப்படித்தான்.

தேத்தண்ணி வந்தது. பாலும் சீனியும் இல்லாத வெறும் சாயம்.

"எனக்குச் சலரோகம், தம்பி. அதாலை வீட்டிலை சீனி வைக்கிறேல்லை."

"நல்ல பழக்கம், அக்கா" என்றார் அண்ணை. சீனி இல்லாத எதையும் அவர் குடித்து நான் கண்டதில்லை. அன்று கடைசிச் சொட்டு வரை குடித்தார். "சங்கத்துப் படத்திலை உங்கடை வீட்டிலை ஆரோ சிவப்பு ஊசி குத்தியிருக்கினம்."

"ஆரோ பகிடி விட்டிருக்கினம். எனக்கென்னத்துக்கு நிவாரண அரிசி? மகன் அனுப்புறான்தானே."

"கடைசியா எப்ப அனுப்பினவர்?"

"அனுப்புவான்" என்றார் பூரணம்.

மத்தியானம் ஆகிவிட்டது. விரத நாளில் காகத்துக்குச் சோறு வைத்து, அது வந்து தின்ற பிறகுதான் வீட்டுக்காரர் கையை நனைக்கலாம். பூரணம் எங்களை இருக்கச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். "கா! கா! கா!" சத்தம் ஊரைக் கூட்டியது. அண்ணை எழும்பிப் போய்ப் பின்யன்னலில் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். மதிலோடு பூரணம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார், அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். சின்னாச்சியின் கூரையில் இருந்த காகங்களில் ஒன்று தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. பிறகு கிழங்குச் சட்டியைப் பார்த்தது.

"காகம் வரேல்லையோ, அக்கா?" அவர் திரும்பி வந்ததும் அண்ணை கேட்டார்.

"உந்த ஷெல் சத்தத்துக்குக் காகமும் இடம்பெயர்ந்திட்டுது, தம்பி."

"எனக்கொரு உதவி. சேட்டுத் தெறி கழண்டு போச்சு. வீட்டிலை தைச்சுத்தர ஆள் இல்லை. ஊசி, நூல் இருந்தால் தாருங்கோ, நானே தைக்கிறன்."

பூரணம் யோசிக்காமல் ஒரு பழைய பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். திறந்த பிறகுதான் யோசித்தார். அவர் கை மூடியிலேயே நின்றுவிட்டது. பேணிக்குள் கொஞ்சம் குண்டூசி, ஒரு வெள்ளை நூற்கட்டை, ஈர்க்கில் சுற்றிய ஒரு சிவப்புப் பட்டு நூல். அதில் சரிகை மின்னியது.

அண்ணை வெள்ளை நூலை மட்டும் எடுத்தார். பேணியைத் தானே மூடி, பூரணத்தின் பக்கம் தள்ளிவைத்தார். குனிந்து தெறியைத் தைத்தார். நல்ல தையல் இல்லை. ஆனால் அவசரப்படவில்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "அக்கா, திங்கட்கிழமை சின்னாச்சியின்ரை அட்டையை வெட்டப்போயினம். ஊசி குத்தினது அவள் எண்டு."

பூரணத்தின் முகம் வெளுத்தது. "அந்தப் பிள்ளை செய்யேல்லை!"

"எனக்கும் தெரியும்."

அண்ணை படியிறங்கிச் சைக்கிளடிக்கு வந்தார்.

*

ஒழுங்கை முடியும்வரை பொறுத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அண்ணை, அவவே குத்திப்போட்டு அவவே இல்லை எண்டுறாவோ?"

சைக்கிளை நிறுத்தச் சொல்லி, ஒரு வடலிப் பனை நிழலில் நெருப்புப்பெட்டியைத் திறந்து காட்டினார்.

"எங்கடை சிவப்பு ஊசிக்கெல்லாம் தலையிலை மை பூசியிருக்கு. இதுக்கு நூல் சுத்தியிருக்கு. பட்டு, சரிகை. கூறைச்சீலையிலையிருந்து இழுத்த நூல். சிவப்பு மை வாங்க வழியில்லாத ஆள், ஆனால் கூறை இருக்கிற ஆள். பேந்து, நாங்கள் நிண்டுகொண்டு குத்தின ஊசியெல்லாம் நேரா நிக்குது. இது கீழையிருந்து மேலை சரிஞ்சு நிண்டது. குத்தினவர் இருந்துகொண்டு குத்தியிருக்கிறார், கையைப் பின்னாலை தூக்கி, பார்க்காமல். படத்துக்குக் கீழை இருக்கிறது ஆர்? கதிரை குடுக்கப்பட்ட ஆள். சின்னாச்சிக்கு இந்த ஊரிலை ஆர் கதிரை குடுக்கிறது?"

"அப்ப காகம்?"

"நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். காகத்தைப் பற்றி நீர்தான் சொல்லவேணும். சோறு வைச்சால் வராத காகம் இருக்கோ?"

"சோறு வைச்சால் கூப்பிடாமலே வரும்."

"அவ சோறு வைக்கேல்லை, முருகேசு. வெறுங்கையோடை நிண்டு கூப்பிட்டவ. சத்தம் அயலுக்கு. சமைச்சுப்போட்டா எண்டு சனம் நம்பவேணும். காகத்தை ஒருக்கா ஏமாத்தலாம், ரெண்டுதரம் ஏமாத்தலாம், பேந்து அது வராது. நாங்கள்தான் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறம். என்ரை படம் கூரையைப் பார்த்துது, அடுப்பைப் பார்க்கேல்லை."

பஸ்ஸில் பூரணம் ஏறினால் நான் முன் சீற்றில் ஆளை எழுப்பிவிட்டு இடம் கொடுப்பேன். அந்த மனுசி வயிறு காய்ந்துகொண்டு இருக்க, நான் கையை உயர்த்திப் பச்சை குத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"உடனை போய் அருளம்பலத்திட்டைச் சொல்லுவம், அண்ணை."

"சொன்னால் அவ கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை கிடந்து செத்துப்போவா. வாயாலை கேக்க ஏலாமல் கையாலை கேட்டிருக்கிறா. அதுவும் முதுகுக்குப் பின்னாலை. அதைச் சபையிலை இழுக்கிறதோ?"

"சொல்லாட்டில் சின்னாச்சியின்ரை அட்டை போகுமே."

"போகாது. குத்தினது நான்தான் எண்டு சொல்லப்போறன்."

"ஆர் நம்புவினம்?"

"நம்பத் தேவையில்லை. சின்னாச்சியை விட்டால் போதும்."

*

திங்கட்கிழமை லொறி வந்தது. யன்னலுக்கு வெளியே வரிசை வீதி வரை நீண்டது. உள்ளே கமிற்றி கூடியிருந்தது. சின்னாச்சி யன்னலில் அட்டையை நீட்டினாள். அருளம்பலம் அதை வாங்கிக் கிழிக்கப் போனார்.

"நில்லுங்கோ" என்று லயனல் அண்ணை எழும்பினார். "அந்த ஊசியைக் குத்தினது நான்."

"நீரோ? என்னத்துக்கு?"

"படத்திலை ஒரு பிழை இருக்கு. காட்டத்தான்."

"மூண்டு வெள்ளிக்கிழமையாக் காட்டினீரோ? என்ன பிழை, சொல்லும் பார்ப்பம்."

அண்ணைக்கு அதற்குமேல் சொல்ல வழியில்லை. சொன்னால் பூரணத்தைச் சொல்லவேண்டும். எத்தனையோ கள்ளரை மடக்கிய மனிதர், பொய் சொல்லத் தெரியாமல் கைக்குட்டையைத் தேடினார். கமிற்றியில் ஒருவர் சிரித்தார். அருளம்பலம் அட்டையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"விடு, அருளம்பலம். அது நான்."

குரல் யன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது. சின்னாச்சிக்குப் பின்னால், வரிசையில், வெள்ளைச் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு பூரணம் நின்றார். கையில் புல்லால் இழைத்த ஒரு வெறும் பன்பை. வரிசையே திரும்பிப் பார்த்தது. வீதியால் போன சைக்கிள்களும் நின்றன.

அருளம்பலம் பதறி எழும்பினார். "அக்கா! நீங்கள் ஏன் உங்கை? உள்ளுக்கு வாங்கோ, கதிரையிலை இருங்கோ."

"கதிரையிலை இருந்து கேக்க எனக்கு ஏலாமல் போச்சு. அதுதான் இஞ்சை நிக்கிறன்." பையை யன்னலுக்குள் நீட்டினார். "மகனிட்டையிருந்து ஒரு வருசமா ஒண்டும் இல்லை. இருக்கிறானோ எண்டுகூடத் தெரியாது. வீட்டிலை விக்க இனி ஒண்டும் இல்லை. அந்தப் பிள்ளையின்ரை அட்டையைக் குடுத்துவிடு."

அருளம்பலத்தை எனக்கு என்றைக்குமே பிடிக்காது. ஆனால் அன்று அவர் அட்டையைச் சின்னாச்சியிடம் கொடுத்துவிட்டு, தானே தராசைப் பிடித்துப் பூரணத்துக்கு நிறுத்தார். நிறை சரிவரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். அவர் மூக்கை உறிஞ்சியது யன்னல் வரை கேட்டது.

பையை வாங்கிக்கொண்டு பூரணம் லயனல் அண்ணையைப் பார்த்தார். "பேணியை மூடிவிட்ட தம்பி, சனிக்கிழமை மத்தியானம் வாரும். காகம் வராட்டில் ஒரு ஆளெண்டாலும் வரவேணும்."

அன்று பின்னேரம் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளறைக்குள் கொண்டுபோனோம். பச்சை விதி போய்விட்டது. பச்சை வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்க் குசினி வாசலில் இருந்து கதைக்கவேண்டும் என்பது புது விதி. கழற்றும்போது பார்த்தேன். உடுவில் பக்கத்தில், அண்ணையின் வீடு இருந்த இடத்தில், வெறும் துவாரம்தான் இருந்தது.

"உங்கடை ஊசி எங்கையண்ணை?"

"கழட்டிப்போட்டன்."

"அப்ப என்ன நிறம் குத்துறது?"

"எனக்குச் சாப்பாடு இருக்கு, முருகேசு. மற்றதுக்கு நாங்கள் நிறம் வைக்கேல்லை."

படத்தின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன்.

*

சனிக்கிழமை பூரணம் மதிலில் ஒரு துண்டு வாழையிலை வைத்து, அதில் எள்ளுக் கலந்த சோற்றை வைத்தார். இந்த முறை சத்தமாகக் கூப்பிடவில்லை. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுவது போல, "கா" என்றார்.

காகம் வரவில்லை.

பின்விறாந்தையில் மூன்று இலை போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. அது தின்னாமல் நாங்கள் தின்ன முடியாது. காகங்கள் கொட்டில் கூரையில் இருந்தபடி எங்களை அளந்தன. ஏமாந்த நினைவு அவைக்கு இருந்தது. பூரணம் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உதுகளுக்கும் அட்டை போட்டால்தான் வரும்போலை" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பசி.

கடைசியில் ஒன்று வந்தது. கிழட்டுக் காகம். மதிலில் இருந்து இலையைப் பார்த்தது, பூரணத்தைப் பார்த்தது. ஒரு கொத்து எடுத்துக்கொண்டு கூரைக்குத் திரும்பிப் போய்க் கரைந்தது. உடனே மற்றவையும் வந்தன. பூரணம் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதார். அழுது முடித்துவிட்டு, "இருங்கோ, சாப்பிடுவம்" என்றார்.

லயனல் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நல்ல பசி உள்ளவர் போல, பேச்சு மூச்சு இல்லாமல் சாப்பிட்டார். இலை வெறுமையானது.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ, தம்பி?"

எத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி அண்ணையின் காதில் விழுந்ததோ தெரியாது. குனிந்த தலையை நிமிர்த்தாமலே, வாயால் கேட்காமல், இலையை மெல்லப் பூரணத்தின் பக்கம் தள்ளிவைத்தார்.